மருந்துப் போத்தல்

"ஓம்" என்று பதில் வரக்கூடிய கேள்வி எதையும் நான் நோயாளியிடம் கேட்பதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பொது மருத்துவம் பார்த்தேன். தொடக்கத்தில் ஓரிரண்டு வருடத்தைக் கழித்துவிட்டால், மற்ற எல்லா வருடமும் இப்படித்தான். "சாப்பாடு செமிக்குதோ?" என்று கேட்கமாட்டேன். "நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டனீர்? அதுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு, கதிரையில் சாய்ந்து வாயை மூடிக்கொண்டிருப்பேன். நோயாளி முதலில் முழிப்பார். பிறகு மெல்ல மெல்லக் கதை வரும். மாடு தொலைந்தது, மருமகன் கோபித்தது எல்லாம் வந்து, அதற்குள் எங்கேயோ நோயும் வரும்.

என்னோடு வேலை செய்த இளம் டொக்டர்மார் இதைக் கிறுக்கு என்றார்கள். அவர்கள் நாற்பது பேரைப் பார்த்து முடித்துத் தேத்தண்ணி குடிக்கப் போகும்போது நான் பத்தாவது ஆளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். ஆமை வேகம் என்று மேலிடத்திலிருந்து எனக்குக் கடிதங்கள் வந்தன. அவற்றை ஒரு பைலில் போட்டுக் கவனமாக வைத்திருக்கிறேன். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

இந்தப் பழக்கம் எந்தப் பேராசிரியரிடமிருந்தும் வந்ததல்ல. வன்னியில் நெல் விதைத்துப் பிழைத்த ஒரு கமக்காரனை நான் கிட்டத்தட்டக் கொன்றதால் வந்தது.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு அது இரண்டாவது நியமனம். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை; அந்த ஆஸ்பத்திரியில் எனக்குப் பிறகு வேலை செய்தவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. இரண்டு வாட்டு, ஒரு மருந்து யன்னல், முன்னால் ஒரு பெரிய பாலைமரம். சனங்கள் அதைத் தருமாஸ்பத்திரி என்றார்கள். சுற்றிவர இருந்தவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து, காடு வெட்டி, குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைத்த குடியேற்றக்காரர்கள். கடைத்தெருவில், சனங்கள் நானா என்று கூப்பிடுகிற சில முஸ்லிம் வியாபாரிகள்.

"பொம்பிளை டொக்டர் வந்திட்டா" என்று செய்தி பரவியதும் முதல் கிழமை முழுக்கப் பிள்ளைத்தாய்ச்சிகள்தான் வந்தார்கள். நான் படித்தது நெஞ்சும் ஈரலும் குடலும் காய்ச்சலும் என்று எத்தனை தரம் சொன்னாலும் ஒருவரும் நம்பவில்லை. ஆம்பிளைகள் வேறு வழியில்லாமல்தான் உள்ளே வந்தார்கள். வந்தாலும் என்னைப் பார்க்காமல் என் தலைக்கு மேலே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு, கேட்ட எல்லாவற்றுக்கும் "ஓம் அம்மா" என்றார்கள். நெஞ்சு நோகுதோ? ஓம் அம்மா. நெஞ்சு நோகேல்லையோ? ஓம் அம்மா.

எங்கள் பக்கத்து "ஓம்" சம்மதத்துக்கு மட்டும் உரியதல்ல. நீங்கள் சொல்வது காதில் விழுந்தது என்றாலும் ஓம்தான். உங்களை எதிர்த்துக் கதைக்க மாட்டேன் என்றாலும் ஓம்தான். கெதியாய் விடுங்கோ, வண்டில் காத்துக்கொண்டு நிற்குது என்றாலும் ஓம்தான். நானும் அதே தமிழ் பேசுகிற வீட்டில் பிறந்தவள்தான். வெள்ளைக் கோட்டைப் போட்டதும் அதை மறந்துபோனேன். படித்த திமிர் என்று சொன்னால் மறுக்கமாட்டேன்.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் முக்கால்வாசிப் பேருக்கும் மிக்ஸ்சர்தான் மருந்து. பெரிய சாடிகளில் கலந்து வைத்திருப்போம். போத்தலை நோயாளிதான் கொண்டுவர வேண்டும். அதை யன்னலுக்குள் நீட்டினால் மருந்து கலப்பவர் ஊற்றிக் கொடுத்து, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, ஓரத்தில் பல்லுப் பல்லாக வெட்டிய கடதாசித் துண்டொன்றைப் பசைபூசி ஒட்டிவிடுவார். வந்த போத்தல்களைப் பார்க்க வேண்டுமே! சாராயப் போத்தல், நல்லெண்ணெய்ப் போத்தல், மையடைத்த போத்தல், மண்ணெண்ணெய் மணக்கிற போத்தல். மருந்தின் மேல் எண்ணெய் மிதந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. ஒரு பலகை எடுத்துக் கறுப்பு மை பூசி, என் கையாலேயே வெள்ளை எழுத்தில் எழுதினேன். "மிக்ஸ்சர் எடுக்க வருவோர் மருந்துப் போத்தல் மட்டுமே கொண்டுவரவும். வேறு போத்தல்களில் மருந்து தரப்படமாட்டாது." எழுத்து நல்ல அழகு. யன்னலுக்கு மேலே தூக்கிவிட்டு, இனி ஊர் திருந்தும் என்று இருந்தேன்.

அந்தக் கமக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு. வயிற்றெரிவு. பசித்தால் எரிகிறது, சாப்பிட்டால் கொஞ்ச நேரம் அடங்குகிறது. வெள்ளை மிக்ஸ்சர் எழுதிக் கொடுத்தேன். ஒரு நல்லெண்ணெய்ப் போத்தலோடு யன்னலுக்குப் போனார். மருந்து கலப்பவர் பலகையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். நாலு கட்டை, அதாவது நாலு மைல் தூரம் நடந்து போய், மறுநாள் காலை திரும்ப வந்தார். கையில் ஒரு பழுப்புநிறப் போத்தல் இருந்தது. பளபளவென்று கழுவியிருந்தார். எனக்குக் காட்டிவிட்டுத்தான் யன்னலுக்குப் போகவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மருந்துப் போத்தல்தானே?" என்று கேட்டேன்.

"ஓம் அம்மா."

"வடிவாய்க் கழுவினதோ?"

"ஓம் அம்மா."

"இப்பிடி எல்லாரும் சொல்வழி கேட்டால் எவ்வளவு நல்லது" என்று அவரை மெச்சினேன். அது இன்றைக்கும் என் காதுக்குள் கேட்கிறது.

அன்று பின்னேரம் நாலு மணியளவில் அவரை ஒரு மாட்டுவண்டிலில் போட்டுக்கொண்டு வந்தார்கள். உடம்பு வேர்வையில் குளித்திருந்தது. வாயால் வீணீர் வடிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தியெடுத்தார். கைகால் தசைகள் துடித்தன. அவருடைய கண்ணைத் திறந்து பார்த்தேன். கண்மணி ஊசித் துவாரம் போலச் சுருங்கிக் கிடந்தது. வாயருகே குனிந்தேன். வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தின் மணம்.

வண்டில் கொண்டுவந்த அயலவர் "மருந்து குடிச்சிட்டான் போலை கிடக்கு, அம்மா" என்றார். எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. சாகவென்று நஞ்சு குடித்தவனைத்தான் மருந்து குடித்தவன் என்போம்.

நான் நோயாளியின் கன்னத்தில் தட்டிக் கேட்டேன். "மருந்து குடிச்சனீரோ?"

"ஓம் அம்மா."

அந்த நஞ்சை முறிக்கிற அற்றோப்பின் ஊசியை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். வாய் காயும்வரை, கண்மணி விரியும்வரை போட்டேன். போட்டபடியே ஏசினேன். உயிரோடு இருக்கவேண்டும் என்ற பதைப்பில் வந்த ஏச்சுத்தான், ஆனாலும் ஏச்சு ஏச்சுத்தான். "மனிசி பிள்ளையளை நினைச்சுப் பார்த்தனீரோ? இதைச் செய்யலாமோ?" அந்த நிலையிலும் அவர் பணிவாக "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்றார். பொழுதுபடும்போது மூச்சு சீரானது. பதிவேட்டை எடுத்து, "நஞ்சு குடித்தது. நோயாளி தானே ஒப்புக்கொண்டார். பொலிசுக்கு அறிவிக்கப்பட்டது" என்று எழுதி, கீழே கையெழுத்தும் வைத்தேன். சாக முயல்வது அன்றைய சட்டப்படி குற்றம். அறிவிக்கத்தான் வேண்டும்.

மறுநாள் காலை அவருடைய மனைவி வந்தா. நாலு கட்டையும் நடந்து வந்திருந்தா. ஓலைப்பைக்குள் சோற்றுப் பார்சல் இருந்தது. அதற்குக் கீழே அந்தப் போத்தலும் இருந்தது. அழுதுகொண்டு வருவா என்று எதிர்பார்த்தேன். அவா கோபத்தோடு வந்தா. போத்தலை என் மேசையில் ணங்கென்று வைத்தா.

"உங்கடை மருந்து சரியில்லை, அம்மா. ஒரு வேளைதான் குடிச்சவர். அரைமணித்தியாலம் ஆகேல்லை, விழுந்திட்டார். இப்ப ஊர் முழுக்க இவர் மருந்து குடிச்சிட்டாராம் எண்டு கதை. வாற ஆவணிக்கு மூத்தவளுக்குக் கலியாணம். மாப்பிளை வீட்டுக்காரருக்கு நான் என்ன சொல்லுறது?"

போத்தலைப் பார்த்தேன். ஓரத்தில் ஒட்டிய கடதாசியில் முதல் பல்லுவரைக்கும் குறைந்திருந்தது. ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை. சாகப் போகிறவன் அளவு பார்த்தா குடிப்பான்? மூடியைத் திறந்து மணந்தேன். முதலில் ஓமத்தண்ணியும் மின்ற்றும் கலந்த எங்கள் மிக்ஸ்சரின் வாசம். அதற்கு அடியில் நேற்று அவர் வாயில் மணந்தது.

"இந்தப் போத்தல் எங்கையிருந்து வந்தது?"

"வயல் கொட்டிலிலை இருந்த மருந்துப் போத்தல்தான். ஸ்கந்தபுரத்திலை இருக்கிற என்ரை தமையன் போன போகத்திலை நெல்லுக்கு அடிக்கக் குடுத்தது. வீட்டிலை நல்ல சாராயப் போத்தல் ஒண்டு சும்மா கிடந்தது, அம்மா. இவர்தான் வேண்டாமெண்டவர். மருந்துப் போத்தல்தான் வேணுமெண்டு டொக்டரம்மா பலகையிலை எழுதியிருக்கிறா, வேறை கொண்டு போனால் ஏசுவா எண்டார். சாம்பல் போட்டு மூண்டு தரம் கழுவினவர்."

பூச்சிமருந்து அந்தப் பக்கத்துக்கு வந்து இரண்டு போகம்தான் ஆகியிருந்தது. அதை ஒருவரும் நஞ்சு என்று சொல்லிக் கொடுக்கவில்லை. விவசாயக் கந்தோர்க்காரர்களும் மருந்து என்றுதான் சொன்னார்கள். நெல்லின் நோய்க்கு மருந்து, மனிதரின் நோய்க்கு மருந்து, சாகிறதுக்கும் மருந்து. மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஊர் பிழையில்லாமல் புழங்கிக்கொண்டிருந்தது. பலகை எழுதப் போனவள் நான். அந்த மனிதர் என்னிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மருந்துப் போத்தல்தானே? ஓம். கழுவினதோ? ஓம். மருந்து குடிச்சனீரோ? ஓம், நீங்கள் தந்ததைக் குடிச்சனான். மூன்று தரமும் உண்மை சொன்னவரைத்தான் நான் பொலிசில் மாட்டிவிட்டிருந்தேன்.

அவமானமாக இருந்தது. சொல்லுவதற்கென்ன, பயமாகவும் இருந்தது.

பத்து மணிக்குப் பொலிஸ் சார்ஜன் வந்தார். நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் அவசரம். கட்டிலருகே நின்று கொப்பியைத் திறந்தார்.

"மருந்து குடிச்சனியோ?"

"ஓம் ஐயா."

"சாகத்தானே குடிச்சனி?"

"ஓம் ஐயா."

சார்ஜன் எழுதத் தொடங்கினார். மனைவி தலையில் கையை வைத்தா. எனக்கு இரத்தம் கொதித்தது. அந்த மனிதர் மேலல்ல, கேள்விகள் மேல். என்னுடையவையும் சேர்த்துத்தான்.

"சார்ஜன், கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கட்டிலின் மறுபக்கம் போனேன். "இஞ்சை பாரும். நீர் நேற்றுக் கொழும்பிலையிருந்து ஆனையிலை ஏறித்தானே இஞ்சை வந்தனீர்?"

அவர் என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தார். "ஓம் அம்மா."

"உமக்கு ஏழு பெண்சாதியோ?"

மனைவியை ஒருமுறை பார்த்தார். தயங்கினார். "ஓம் அம்மா."

சார்ஜன் பேனையை மூடிவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. ஒரு வாங்கை இழுத்துப்போட்டு, அவர் முகத்துக்கு நேரே இருந்தேன். "இப்ப நான் ஒண்டும் கேட்கமாட்டன். அந்தப் போத்தலை எடுத்த நேரத்திலையிருந்து நடந்ததை நீர் சொல்லும்" என்றேன்.

அவர் மறுபடி சுவரைப் பார்த்தார். சார்ஜன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அதற்குப் பிறகு அந்த மனிதர் கதைத்தார். பலகையை வாசித்தது, கொட்டிலில் தேடியது, சாம்பல் போட்டுக் கழுவியது, மருந்து கொஞ்சம் கசந்தது, நல்ல மருந்து கசக்கத்தானே செய்யும் என்று நினைத்தது எல்லாம் சொன்னார். கடைசியில் சார்ஜனைப் பார்த்து, "நான் ஏன் ஐயா சாகிறன்? இந்த முறை நெல்லு நல்லாய்க் கிடக்கு" என்றார்.

சார்ஜன் என்னைத் தனியே கூப்பிட்டார். "எனக்கு விளங்குது அம்மா. ஆனால் உங்கடை புத்தகத்திலை நஞ்சு குடிச்சது எண்டு கிடக்கு. அது பிழையெண்டு நீங்கள் எழுதித் தந்தால் நான் வழக்குப் போடமாட்டன். எழுதாட்டி நான் போடத்தான் வேணும்" என்றார்.

அந்த எழுத்தைத் தடுக்கத்தான், செய்தி எட்டிய என் மேலதிகாரி மறுநாள் ஜீப்பில் வந்தார். அவரைப் பற்றிக் கெட்டது சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. எனக்கு நன்மை செய்வதாகத்தான் அவர் நினைத்தார்.

"நீர் இளம் ஆள்" என்றார். "ஆஸ்பத்திரி யன்னலிலை நஞ்சுப் போத்தலுக்கு மருந்து ஊத்திக் குடுத்தது எண்டு எழுதினால் விசாரணை வரும். உம்மடை பேர் கெடும். மருந்து கலக்கிறவரின்ரை வேலை போகும். அந்த ஆளுக்கு என்ன, நீதவான் கோட்டிலை ஒரு சின்னத் தண்டம். கட்டிப்போட்டுப் போவான். நீர் எழுதினது எழுதினபடி கிடக்கட்டும்."

"அவருக்கு மருந்து குடிச்சவன் எண்ட பேர் வரும், சேர்" என்றேன். "அவரின்ரை மகளுக்கும் வரும்."

"பதிவேட்டிலை இருக்கிறது உம்மடை கையெழுத்து."

"அதாலைதான் அதை வெட்டுற உரிமை எனக்கு இருக்கு."

அவர் முன்னாலேயே பதிவேட்டை எடுத்தேன். பழைய வரி மறையாதபடி, வாசிக்கக்கூடியதாக ஒரே ஒரு கோடு கிழித்து வெட்டினேன். கீழே எழுதினேன்: "நோயாளி சாக முயலவில்லை. ஆஸ்பத்திரிப் பலகையில் இருந்த 'மருந்துப் போத்தல்' என்ற சொல்லை, ஊரில் வழங்குகிற பொருளில் சரியாகவே விளங்கிக்கொண்டு நடந்தார். பலகையை எழுதியதும், போத்தல் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விட்டதும் நான். மருந்து கலந்தவர் என் சொற்படி நடந்தார்." கையெழுத்து வைத்துப் பிரதி ஒன்றை எடுத்துச் சார்ஜனுக்கு அனுப்பினேன். மேலதிகாரி தொப்பியைப் போட்டுக்கொண்டு, "உமக்கு இது எங்கை போய் முடியுமெண்டு தெரியாது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இரண்டு மாதத்தில் தெரிந்தது. கண்டனக் கடிதம் ஒன்றும் இடமாற்றக் கடிதம் ஒன்றும் ஒரே உறையில் வந்தன. மருந்து கலப்பவருக்கு ஒன்றும் வரவில்லை. வழக்கும் வரவில்லை. நான் சொன்ன பைலின் முதல் கடிதம் அந்தக் கண்டனம்தான். அதற்குப் பிறகு எத்தனையோ பதவி உயர்வுகள் பிந்தி வந்தன, சில வரவேயில்லை. இன்னொரு முறை அந்தப் பேனையைத் தந்தாலும் அதே வரியைத்தான் எழுதுவேன், அதே இடத்தில்தான் வெட்டுவேன்.

இடமாற்றம் வரும்வரை இருந்த நாட்களில் பலகையைக் கழற்றி விறகுக்குக் கொடுத்தேன். யன்னலுக்கு வந்த ஒவ்வொரு போத்தலையும் நானே வாங்கி மணந்து பார்த்தேன். "இதுக்குள்ளை முந்தி என்ன இருந்தது?" என்று கேட்டேன். சாராயம் என்று ஒருவர் கூச்சத்தோடு சொன்னால் எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. வரிசை வெளி வாசலைத் தாண்டியது. சனங்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டேன். ஓம் போடுவதைவிட அது நல்ல சத்தம்.

நான் போவதற்கு ஒரு கிழமைக்கு முன்னால் அந்த மனிதர் வந்தார். வயிற்றெரிவு அப்படியே இருந்தது; அந்த ஒரு வேளையைத் தவிர அதற்கு இன்னும் மருந்து உள்ளே போகவில்லையே. கையில் ஒரு வெள்ளைப் போத்தல். கடைத்தெருவில் நானா கடையில் புதிதாக வாங்கினாராம். வந்து நின்றவர் அதை என்னிடம் தராமல், மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மணந்து பாருங்கோ அம்மா."

மணந்தேன். ஒரு மணமும் இல்லை. வாங்கக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"இதுக்குள்ளை என்ன ஊத்தப் போறியள்? சொல்லிப்போட்டு ஊத்துங்கோ."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டொக்டரிடம் இப்படி யாரும் கதைத்து அவர்கள் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஒரு கணம் எனக்குச் சுரீரென்றது. பழைய திமிர் அவ்வளவு கெதியாய்ச் செத்துவிடாது. பிறகு கதிரையைக் காட்டி அவரை இருக்கச் சொன்னேன். வயிற்றுக்குள் புளிப்புச் சுரப்பதையும், அது புண்ணை அரிப்பதையும், இந்த வெள்ளை மருந்து போய் அதை அடக்குவதையும், எப்போது குடிக்கவேண்டும், ஏன் வெறும் வயிற்றோடு கிடக்கக்கூடாது என்பதையும் என்னால் முடிந்த அளவுக்குச் சொன்னேன். சொல்லி முடித்ததும், பழக்கதோஷத்தில், இனிக் கேட்பதில்லை என்று சபதம் எடுத்திருந்த கேள்வியொன்று வாயில் வந்துவிட்டது.

"விளங்கினதோ?"

அவர் சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இல்லை அம்மா" என்றார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ."